கால் ஊன்றும் உயரம்

உடுமலைக்குத் தெற்கே, திருமூர்த்தி மலை கண்ணுக்கு எட்டுகிற இடத்தில், வாய்க்கால் கரையை ஒட்டி ஒரு தென்னந்தோப்பு. தோப்புக்குள் கோழி இல்லாத ஒரு கோழிக் கொட்டகை. அங்கேதான் நிலோபர் பழைய மவுண்டன் சைக்கிள்களைப் பிரித்து கிராவல் சைக்கிள்களாகக் கட்டிக்கொண்டிருந்தாள்.

முன்பக்கத்து ஷாக் அப்சார்பரைக் கழற்றி எறிந்துவிட்டு, சக்கரத்தைப் பிடிக்கிற ஆடாத ஃபோர்க் ஒன்றைப் பூட்டுவாள். நேர் ஹேண்டிலை எடுத்துவிட்டு, ஊர்க்காரர்கள் ஆட்டுக்கொம்பு என்று சொல்கிற வளைந்த ஹேண்டிலை மாட்டுவாள். டயர் கொஞ்சம் மெலியும். கியர் பாதியாகக் குறையும். பரணில் தூசி தின்றுகொண்டிருந்த வண்டி, தார் ரோட்டிலும் வாய்க்கால் மண்ணிலும் ஒரே மாதிரி ஓடத் தொடங்கும்.

அவள் கோவையில் மெக்கானிக்கல் படித்தவள். ஒரு சைக்கிள் கம்பெனியில் சில வருடம் வண்டிகளைப் படமாக வரைந்துகொண்டிருந்துவிட்டு, படம் போதும் என்று ஊர் திரும்பியவள்.

மாற்றிக் கட்ட வண்டி கொண்டுவந்த சென்னியப்பனுக்கு அவளைவிட இருபது வயதுக்குமேல் கூடுதல். நூல் மில்லில் சூப்பர்வைசராக இருந்து ஓய்வு பெற்றவர். மற்றவர்கள் வண்டியை விட்டுவிட்டுப் போய், தயாரானதும் வந்து எடுத்துக்கொள்வார்கள். அவர் போகாமல் நின்றார். முதலில் ஸ்பேனர் எடுத்துக் கொடுத்தார். பிறகு ஸ்பேனரைத் தானே பிடித்தார். யாராவது விசாரித்தால், “நான் இந்த அம்மிணியோட சீடனுங்க” என்பார். விளையாட்டுக்குச் சொல்வதில்லை.

ஒருநாள் காலை அவர் நீலநிறச் சைக்கிள் ஒன்றைத் தள்ளிக்கொண்டு வந்தார். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. வண்டியைக் கொட்டகைத் தூணில் சாத்தினார்.

“இதப் பிரிச்சுடுங்க அம்மிணி.”

நிலோபருக்கு அந்த வண்டியைத் தெரியும். அவர் தனியாகவே, வேறு யார் கையும் படாமல் கட்டிய முதல் வண்டி. மனைவி தெய்வானைக்காகக் கட்டியது. ஒரு மழைக்காலம் முழுக்க அதோடு கிடந்தார். நீலத்தை மூன்று கடை ஏறித் தேர்ந்தெடுத்தார்.

“டயர்ல இன்னும் ரப்பர் முள்ளுகூட தேயலியே அண்ணா.”

“ஓட்டுனாத்தானுங்க தேயும்.”

அவர் கைப்பேசியை எடுத்து நீட்டினார். பெங்களூரிலிருந்து மகள் பிருந்தா அனுப்பிய வீடியோ. தெய்வானை பேரனைப் பார்த்துக்கொள்ளப் போனவள். போய் மாதக்கணக்கு ஆகிவிட்டது. வீடியோவில் ஓர் ஏரி. ஏரியைச் சுற்றி நடைபாதை. சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு தெய்வானை சைக்கிள் ஓட்டிப் போகிறாள். முன்னால் கூடை வைத்த சாதாரண லேடீஸ் சைக்கிள். கேமராவைக் கடக்கும்போது ஒரு கையை எடுத்து ஆட்டுகிறாள்.

“கையை விட்டுட்டு ஓட்டறா பாருங்க” என்றார் சென்னியப்பன். “தினமும் காலைல போறாளாமா. பிருந்தா சந்தோசமா சொல்றா.”

நிலோபர் கைப்பேசியைத் திருப்பிக் கொடுத்தாள்.

“கியர் இல்லாத வண்டி. அதுல ஓட்டறா. நான் பாத்துப் பாத்துக் கட்டுனதுல நாலு ஞாயித்துக்கிழமை வந்தா. அப்புறம் இடுப்பு வலின்னா, வேலை கெடக்குதுன்னா. வண்டி வீட்டு நடையிலயே நின்னுபோச்சு. என்ற கூட வர இஷ்டமில்ல, அவ்வளவுதானுங்களே? நீங்களே சொல்லுங்க. அங்க ஓட்டறவ இங்க ஏன் ஓட்டலை?”

நிலோபர் கையைத் துணியில் துடைத்தாள்.

“பிரிச்சுடலாம். அதுக்கு முன்னால ஒருக்கா நீங்க ஓட்டிட்டு வாங்க.”

“நானா? எதுக்குங்க?”

“எது தேஞ்சிருக்குது, எது தேறும்னு ஓட்டிப் பாத்தாத்தானே தெரியும். மதகு வரைக்கும் போய்ட்டு வாங்க.”

அவர் தயங்கினார். தெய்வானை ஓட்டுவதை நிறுத்திய பிறகு அவர் அதில் ஏறியதில்லை. வருகிற வழியெல்லாம் தள்ளிக்கொண்டுதான் வந்தார். ஏறி மிதித்தால் தோற்றுப்போனமாதிரி இருக்கும் என்று ஏதோ ஒரு வீம்பு. குரு சொல்லிவிட்டதால் ஏறினார்.

வாய்க்காலில் தண்ணீர் விட்டிருந்தார்கள். கரைப்பாதையில் பொடிக்கல் கிடந்தது. வண்டி ஒரு சத்தமும் போடாமல் அதன்மேல் வழுக்கிப் போனது. செயின் பட்டுப்போல ஓடியது. கியர் விரல் நுனி பட்டதும் மாறியது. தென்னை நிழலும் வெயிலுமாக மாறிமாறி முகத்தில் விழ, அவருக்கு வந்த கோபம் எங்கே போனதென்றே தெரியவில்லை. மதகைத் தொட்டுத் திரும்பியபோது கொஞ்சம் வேகமாகவே மிதித்தார். காற்றாலை ஒன்று தூரத்தில் சோம்பலாகச் சுற்றிக்கொண்டிருந்தது.

கொட்டகைக்கு வந்து இறங்கியபோது முகம் மலர்ந்திருந்தது.

“எப்படி இருக்குதுங்கண்ணா?”

“ஒரு கொறை சொல்ல முடியாதுங்க. நானே கட்டிட்டு நானே சொல்லக்கூடாது.”

“சீட்டை ஏத்துனீங்களா?”

“இல்லீங்களே.”

“எறக்குனீங்களா?”

“எதுக்குங்க? கையே வைக்கலை. ஏறி உக்காந்தா அப்படியே அளவெடுத்துத் தெச்ச சட்டையாட்டம்...”

வார்த்தை அங்கேயே நின்றுவிட்டது.

நிலோபர் உள்ளே போய் ஒரு சொம்பு தண்ணீர் கொண்டுவந்து அவர் பக்கத்தில் வைத்தாள்.

சென்னியப்பன் சீட்டைப் பார்த்தார். ஹேண்டிலைப் பார்த்தார். தெய்வானை அவர் தோளுக்குக் கீழே நிற்பவள். கல்யாணப் போட்டோவில் அவளைப் பலகைமேல் ஏற்றி நிறுத்தித்தான் படம் எடுத்தார்கள்.

ஒவ்வொரு நாளும் சாயங்காலம் தெருவில் தானே ஓட்டிப் பார்த்துப் பார்த்து, தனக்கு ஒரு குறையும் தெரியாத அளவுக்குச் சரிசெய்து, கடைசித் திருகை முடுக்கியது அவருக்கு நினைவு வந்தது. வாசலில் கோலப்பொடிக் கிண்ணத்தோடு நின்று அவள் அதைப் பார்த்துக்கொண்டிருந்ததும் நினைவு வந்தது.

“கை எட்டலீங்கன்னு சொன்னா” என்றார் மெதுவாக. “பழகிடும்னேன். உள்ளங்கை மரத்துப்போகுதுன்னா. பழகிடும்னேன். சீட்டைக் கொஞ்சம் எறக்கிக் குடுங்கன்னா. எறக்குனா முட்டி போயிரும், உனக்குத் தெரியாதுன்னேன்.”

“ஆமா. முட்டிக்கு அப்படித்தான். அது நான் உங்களுக்குச் சொன்ன பாடம்.”

“நீங்க எனக்குச் சொன்னதுங்க. அவளுக்குச் சொல்லலை.”

நிலோபர் தரையைப் பார்த்தபடி சொன்னாள். “அவங்களக் கூட்டிட்டு வாங்கன்னு ஒருக்கா சொன்னேன். அவங்களுக்குன்னு தெரியாமலே செஞ்சு குடுக்கணும்னீங்க. ரெண்டாவது தரம் நான் சொல்லலை.”

அவர் தண்ணீரைக் குடிக்கவில்லை. இன்னொன்றும் சொன்னார். கேட்காமலே சொன்னார்.

கடைசி ஞாயிற்றுக்கிழமை அவர் முன்னால் போய்விட்டார். அடுத்த பாலத்தில் நின்று திரும்பிப் பார்த்தால் அவளைக் காணோம். வெயில் ஏறிக்கொண்டிருந்தது. எரிச்சலோடு திரும்பிப் போனார். மதகுப் பக்கத்தில், நிற்பதற்குக் கால் எட்டாமல் வண்டியோடு பொடிக்கல்லில் விழுந்திருந்தாள். அவர் போய்ச் சேர்ந்தபோது எழுந்து மதகுச் சுவரில் உட்கார்ந்து முழங்கையைக் கழுவிக்கொண்டிருந்தாள். வண்டி பாதையில் கிடந்தது.

“நான் மொதல்ல வண்டியத் தூக்கி நிறுத்துனனுங்க” என்றார். “ஹேண்டில் வளைஞ்சிருக்குதான்னு பாத்தேன். பெயிண்ட்டப் பாத்தேன். அப்புறந்தான் அவகிட்டப் போனேன்.”

தோப்புக்குள் எங்கோ ஒரு மட்டை விழுந்தது.

“அவ ஒண்ணுமே சொல்லலைங்க. ‘வண்டிக்கு ஒண்ணும் ஆகலியே’ன்னு மட்டும் கேட்டா. நல்லவேளை கேக்கறாளேன்னு இருந்துச்சு எனக்கு.”

நிலோபர் நீல வண்டியை வேலை செய்யும் தாங்கியில் ஏற்றவும் இல்லை, பிரிக்கவும் இல்லை. அவர் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தார்.

“இத அவ அளவுக்கு மாத்திரலாங்களா அம்மிணி?”

“சீட்டை எறக்கலாம். ஹேண்டிலக் கொஞ்சம் கிட்டக் கொண்டுவரலாம். பிரேம் பெருசு. பிரேமை என்ன செய்வீங்க?”

“வேற சின்ன பிரேம் தேடறேன். நானே கட்டறேன்.”

“என்ன அளவு?”

அவர் கையை நெஞ்சு உயரத்துக்குத் தூக்கினார். தாழ்த்தினார். மறுபடி கொஞ்சம் உயர்த்தினார். கை காற்றில் நின்றது.

“எனக்குத் தெரியலீங்க” என்றார்.

“கேளுங்க.”

அவர் தோப்பு ஓரமாகப் போய் நின்று பெங்களூருக்குப் பேசினார். தெய்வானைதான் எடுத்தாள்.

“என்னங்க, இந்நேரத்துல? சாப்பிட்டீங்களா?”

“சாப்பிட்டேன். தெய்வானை... உன்ற கால் எவ்வளவு நீளம் இருக்கும்?”

“செருப்பா வாங்கறீங்க?”

“இல்ல. சைக்கிளுக்கு. சின்னதா ஒண்ணு கட்டலாம்னு...”

“அதெல்லாம் வேண்டாமுங்க” என்றாள். குரலில் கோபம் ஒன்றும் இல்லை. அதுதான் அவருக்குத் தாங்கவில்லை. “இங்க பக்கத்து வீட்டுக்காரம்மா ஒரு சைக்கிள் குடுத்திருக்குது. நல்லா இருக்குதுங்க. நின்னா கால் ஊனுது.”

அவர் வாய்க்காலைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

“வெயில்ல நிக்காதீங்க” என்றாள் தெய்வானை. “குக்கர் சத்தம் போடுது. வைக்கட்டுங்களா?”

திரும்பி வந்தவர், அவள் சொன்னதைச் சொன்னார். நிலோபர் கேட்டுக்கொண்டாள்.

“அப்ப ஆள் வரட்டும்” என்றாள். “ஆள் இல்லாம இனி இங்க வண்டி கட்டறதில்ல.”

பேரனுக்குப் பள்ளி விடுமுறை விட்டபோது தெய்வானை அவனோடு ஊருக்கு வந்தாள். சென்னியப்பன் வாசலிலேயே சைக்கிள் பேச்சை எடுத்துவிடுவோமோ என்று பயந்து இரண்டு நாள் வாயைக் கட்டிக்கொண்டு இருந்தார். நடையில் நீல வண்டி இல்லாததை அவள் கவனித்தாள், கேட்கவில்லை. மூன்றாம் நாள் அவரே சொன்னார்.

“கொட்டகைக்கு ஒருக்கா வர்றியா? வேண்டாம்னா வேண்டாம்.”

அவள் அவரை ஏற இறங்கப் பார்த்தாள். வேண்டாம் என்றால் வேண்டாம் என்று அவர் சொல்லி அவள் கேட்டதில்லை.

“அந்தப் புள்ளையப் பாத்ததே இல்ல நானு” என்றாள். “வர்றனுங்க.”

கொட்டகையில் நிலோபர் அவளை ஒரு சுவரோரம் நிற்கவைத்தாள். சென்னியப்பன் டேப்பை எடுத்துக்கொண்டு முன்னால் வந்தார்.

“அண்ணா, நீங்க வெளிய இருங்க.”

அவர் டேப்பைக் கொடுத்துவிட்டு வெளியே வந்தார். தென்னை அடியில் நின்றார். உள்ளே பேச்சுக் குரல் கேட்டது. என்ன பேச்சென்று புரியவில்லை. திடீரென்று தெய்வானை சிரித்தாள். அடக்காமல், வாய்விட்டு. நிலோபரும் சிரித்தாள். தகரக் கூரைக்குள் அந்தச் சிரிப்பு கொஞ்சநேரம் சுற்றிக்கொண்டிருந்தது.

இந்தச் சிரிப்பை வீட்டில் எப்போது கேட்டோம் என்று அவர் யோசித்துப் பார்த்தார். யோசித்துக்கொண்டே நின்றார்.

பள்ளிப் பிள்ளைகள் ஓட்டுகிற அளவில் ஒரு பழைய மவுண்டன் சைக்கிள் பிரேம் நிலோபரிடம் கிடந்தது. நீல வண்டியைப் பிரித்து, தேறியதையெல்லாம் அதில் பூட்டினார்கள். கை வேலை சென்னியப்பனுடையது. ஆனால் ஒவ்வொரு திருகுக்கும் முன்னால் அவர் திரும்பிக் கேட்டார்.

“ஆட்டுக்கொம்பு வேணுமா, நேரா வேணுமா?”

“நேரா இருக்கட்டுங்க. அந்தக் கொம்பப் பாத்தாலே எனக்கு முட்ட வர்றாப்பல இருக்குது.”

“அப்புறம் இது கிராவல் வண்டியே...” என்று ஆரம்பித்தவர், நிலோபரைப் பார்த்தார். அவள் ஒரு சக்கரத்தைச் சுழலவிட்டுக் கவனித்துக்கொண்டிருந்தாள். அவர் நேர் ஹேண்டிலை எடுத்தார்.

“சீட்டு?”

“கீழ.”

இறக்கினார்.

“இன்னும் கீழ.”

முட்டி என்று சொல்லவந்த வாயை மூடிக்கொண்டு இறக்கினார். தெய்வானை ஏறி உட்கார்ந்தாள். இரண்டு பாதமும் தரையில் முழுசாகப் படிந்தன. அவள் கீழே குனிந்து தன் பாதங்களைப் பார்த்தாள். பிறகு நிமிர்ந்தாள்.

“முன்னால கூடை ஒண்ணு வைக்க முடியுங்களா?” என்று நிலோபரிடம் கேட்டாள்.

“வைக்கலாங்கக்கா.”

கிராவல் சைக்கிளில் கூடை. சென்னியப்பன் ஸ்பேனரை நீட்டினார்.

மறுநாள் விடிந்து வெயில் ஏறுமுன் இருவரும் வாய்க்கால் கரைக்கு வந்தார்கள். அவர் தன் வண்டியையும் கொண்டுவந்திருந்தார். அவள் ஏறினாள். ஒரு காலை ஊன்றியபடி நின்றாள்.

“நான் பின்னாலயே வர்றேன்” என்றார். “முன்னால போகமாட்டேன்.”

தெய்வானை அவரைப் பார்த்தாள். முகத்தில் பிரியம் இருந்தது. அதை அவர் பிறகும் பலமுறை நினைத்துப் பார்த்துத் தேறினார்.

“தப்பா நெனைக்காதீங்க. இந்த நேரம் மட்டும் எனக்குத் தனியா வேணும். அங்க ஓட்டிப் பழகிட்டேன். பக்கத்துல யாராச்சும் வந்தா, சரியா ஓட்டறனான்னு நெனப்பு அதுலயே போயிருது.”

“சரி” என்றார்.

அவள் போனாள். பொடிக்கல்லில் வண்டி தடுமாறவில்லை. மதகு வந்தபோது இறங்காமலே கடந்தாள். தென்னை நிழலுக்குள் புகுந்தாள், வெயிலில் தெரிந்தாள், மறுபடி நிழல். பிறகு வளைவு வந்துவிட்டது. அவர் தன் வண்டியின்மேல் சாய்ந்துகொண்டு காத்திருந்தார். எவ்வளவு நேரம் என்று பார்க்கவில்லை. அவள் திரும்பி வந்தபோது கூடையில் கொஞ்சம் பொன்னாங்கண்ணிக் கீரை கிடந்தது.

“நல்லா இருக்குதுங்க வண்டி” என்றாள்.

அவ்வளவுதான் சொன்னாள். அவருக்கு அது போதுமானதாகவும் இருந்தது, போதாததாகவும் இருந்தது.

விடுமுறை முடிந்து தெய்வானை பேரனோடு பெங்களூருக்குக் கிளம்பினாள். வண்டியை பஸ்ஸில் ஏற்றி அனுப்பட்டுமா என்று கேட்டார். அங்கே ஒன்று இருக்கிறது, இது இங்கேயே இருக்கட்டும் என்றாள். எப்போது திரும்பி வருவாய் என்று கேட்க வாயெடுத்தார். பஸ் நகர்ந்துவிட்டது.

அங்கிருந்து நேராகக் கொட்டகைக்கு வந்தார். நிலோபர் யாருடைய வண்டிக்கோ பிரேக் கம்பி கோத்துக்கொண்டிருந்தாள். அவர் மரப்பெட்டிமேல் உட்கார்ந்தார்.

“அக்கா கெளம்பிட்டாங்களா?”

“ஏத்தி விட்டுட்டேனுங்க.”

“வண்டி?”

“ஊட்ல நிக்குது.”

அவள் கம்பியை இழுத்துப் பார்த்தாள். மறுபடி தளர்த்தினாள்.

“அன்னிக்கே இப்படிக் கட்டியிருந்தா...” என்றார் சென்னியப்பன். “இந்த வாய்க்கால் கரையில எத்தனை காலைல ரெண்டு பேரும் போயிருக்கலாம். இல்லீங்களா அம்மிணி?”

நிலோபர் கம்பியை மறுபடி முடுக்கினாள்.

வெளியே வாய்க்காலில் தண்ணீரை நிறுத்தியிருந்தார்கள். ஓடி முடித்த தண்ணீர் அங்கங்கே குட்டையாகத் தேங்கிக் கிடந்தது. அவர் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“இனி நான் என்ன செய்யட்டுங்க?”

அவள் கம்பியின் நுனியை வெட்டி, பிசிர் நிற்காமல் மூடி போட்டாள். பிறகுதான் நிமிர்ந்தாள்.

“ஓட்டாம நின்னா டயர்ல காத்து எறங்கும். வாரத்துக்கு ஒருக்கா அமுக்கிப் பாருங்க. எறங்கியிருந்தா அடிச்சு வையுங்க.”

“அப்புறம்?”

“வெயில் படாம நெழல்ல நிறுத்துங்கண்ணா.”